மூன்றாவது சிறுநீரகம்

மனித சரீரத்திலுள்ள அவயவங்களுக்குள் இருதயத்துக்குக் கிடைத்திருக்கும் கௌரவம் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. கவிகள் அதைப் பாடியிருக்கிறார்கள். கதாநாயகர்கள் அதைப் பறிகொடுத்திருக்கிறார்கள். கதாநாயகிகள் அதைத் திருப்பிக் கொடுக்க மறுத்திருக்கிறார்கள். ஆனால், முதுகெலும்பின் இரு புறத்திலும், அவரை விதை போன்ற வடிவத்துடன், ஒரு கைப்பிடி அளவில் அடக்கமாக அமர்ந்து இரவு பகலாக உழைக்கும் சிறுநீரகங்களை யார் பாடினார்கள்? நாலு பேர் நடுவில் அவற்றின் பெயரைச் சொல்வதற்கே நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

எனினும் உண்மை என்ன? உயிரோடிருக்கும்போது இருதயத்தைக் கொடுத்தவர்களெல்லாம் அதை வாய்ச் சொல்லாகத்தான் கொடுத்தார்கள். சிறுநீரகத்தையோ தாய் மகனுக்கும், மனைவி கணவனுக்கும், தமக்கை தம்பிக்கும் மெய்யாகவே அறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் கொடுத்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்து நாமும் மனம் உருகுகிறோம். "ரண சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது, இருவரும் சௌக்கியம்" என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது.

ஆனால் வாழ்க்கை அங்கே முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பமாகிறது. ஆஸ்பத்திரி வாசற்படியைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனிதர் எப்படி வாழ்கிறார்? எதைச் சாப்பிடுகிறார்? வேலைக்குப் போகிறாரா? குழந்தை குட்டிகளுடன் சந்தோஷமாயிருக்கிறாரா? கொடுத்தவர் எப்படி இருக்கிறார்? இன்று நம்மில் பலருக்கு உறவிலோ, நட்பிலோ, அண்டை அயலிலோ இவ்விதம் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவராவது இருப்பதால், இக்கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்வது எல்லாக் குடும்பங்களுக்கும் அவசியமாகிறது.

வடிகட்டும் வேலை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை யாவும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அவ்வளவையும் வெளியே விட்டால் நாம் ஒரு பகல்பொழுதுகூடத் தாங்கமாட்டோம். ஆகவே, உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, வேண்டாததை மட்டும் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் சிறுநீராகப் பிரித்துவிடுகின்றன. உப்பு எவ்வளவு இருக்கவேண்டும், இரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும், இரத்தம் ஊறுவது எப்படி என்பதிலெல்லாம் அவற்றுக்குப் பங்கு உண்டு.

நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய வியாதிகளால் இரண்டும் கெட்டுப்போனால், அந்த வேலையை யந்திரம் செய்யவேண்டியிருக்கிறது. இதற்கு டயாலிஸிஸ் என்று பெயர். சாதாரணமாக வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பலருடைய உயிரை இந்த யந்திரம் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு நன்றி செலுத்தவேண்டியதே. ஆனால், இரவு பகலாக நடக்கவேண்டிய வேலையை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தால் முழுவதும் முடியுமா? மிச்சத்தைப் பத்தியம்தான் ஈடு செய்யவேண்டும். தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும். உப்பைக் குறைக்கவேண்டும். வாழைப்பழமும் இளநீரும் ஆகா. யந்திரத்திலிருந்து இறங்கிய அன்று உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடக்கும். மறுநாள் சிறிது தெளியும். அதற்கடுத்த நாள் மறுபடியும் யந்திரம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இரண்டு வருஷம் இவ்விதம் இருந்தவர். பிறகு அவருடைய மனைவி தமது சிறுநீரகத்தை அவருக்குக் கொடுத்தார். "அந்த இரண்டு வருஷத்தில் எது மிகவும் கஷ்டமாயிருந்தது?" என்று ஒரு நாள் அவரைக் கேட்டேன். ஊசி என்பார், செலவு என்பார் என்று எதிர்பார்த்தேன். "தாகம், ஸார்! சித்திரை மாதத்து வெயிலில் பையன்கள் குழாயடியில் நின்று வாய் வைத்துக் குடிப்பார்கள். நான் ஒரு தம்ளரை மூன்று வேளைக்குப் பங்கு போட்டுக் குடிப்பேன். வீட்டுக்கு வந்த மறுநாள் டாக்டர் சொன்னபடி ஒரு செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தேன். அன்றைக்குத்தான் பிழைத்துவிட்டேன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது" என்றார் அவர்.

வாழ்க்கையின் தரம் என்று வைத்தியர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று இதற்கு மேல் விளக்க என்னால் இயலாது.

இரட்டைச் சகோதரர்கள்

இந்தச் சிகிச்சை நெடுங்காலத்துப் பழமையுடையதன்று. 1954-ம் வருஷம் டிசம்பர் 23-ம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலுள்ள பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஜோஸப் மர்ரே என்பவர் ரொனால்டு ஹெரிக் என்ற இருபத்து மூன்று வயது வாலிபருடைய சிறுநீரகத்தை எடுத்து, அவரோடு இரட்டையராய்ப் பிறந்த ரிச்சர்டுக்கு வைத்தார். மனித சரீரம் அந்நிய வஸ்துவைக் கண்டால் பகைவன் என்று எண்ணி எதிர்த்து அழித்துவிடும். ஆனால் அச்சில் வார்த்தாற்போன்ற இந்த இரட்டையரின் உடம்புகள் ஒன்றை ஒன்று அந்நியமாகக் கருதவில்லை. ஒருவருடைய தோலில் சிறிது எடுத்து மற்றவருக்கு ஒட்ட வைத்து, அது பிடித்துக்கொள்வதைப் பார்த்த பிறகே டாக்டர்கள் துணிந்தார்கள்.

ரிச்சர்டு பிழைத்தார், பிழைத்ததோடு நில்லாமல், தமக்குப் பணிவிடை செய்த நர்ஸையே விவாகம் செய்துகொண்டு, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாரும் ஆனார். பழைய வியாதி புதிய சிறுநீரகத்தையும் பற்றிக்கொள்ளவே, 1963-ல் காலமானார். எட்டு வருஷந்தானா என்று சிலர் கேட்கலாம். அந்த ரண சிகிச்சை நடந்திராவிட்டால் எட்டு மாதங்கூட இருந்திரார் என்பதையும், அந்த எட்டு வருஷத்துக்குள் ஒரு குடும்பமே தோன்றியது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். டாக்டர் மர்ரேக்கு 1990-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

மற்றொரு இரட்டைச் சகோதரி ஜோடியில் சிறுநீரகம் பெற்ற ஈடித் ஹெல்ம் என்ற பெண்மணி, 1956-ல் சிகிச்சை செய்துகொண்டு, 1958-ல் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். மாற்றுச் சிறுநீரகத்தோடு தாயான முதல் பெண்மணி அவரே.

உலகத்தில் எல்லாருக்கும் இரட்டைச் சகோதரர் இருப்பதில்லையே! ஆகவே, உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்க மருந்து தேவையாயிற்று. 1960-களின் ஆரம்பத்தில் அஸதியோப்ரின் வந்தது. பிறகு நார்வே தேசத்துப் பீடபூமி ஒன்றின் மண்ணிலிருந்து கிடைத்த ஒரு பூஞ்சைக் காளானில் ஸைக்ளோஸ்போரின் என்ற மருந்து அகப்பட்டது. அதன் சக்தியை 1972-ல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். 1984-ல் ஜப்பானில் ஸுக்குபா என்னும் ஊரின் மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. இன்று பெரும்பாலோர் உண்பது அதைத்தான். எங்கேயோ ஒரு தேசத்து மண்ணில் புதைந்து கிடந்த ஒன்று நமது தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் ஒருவருடைய உயிரைக் காத்து வருகிறது என்பது ஆச்சரியமான விஷயம் அல்லவா?

நமது நாட்டில், 1971-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை முதன்முதலில் வெற்றி பெற்றது. அவயவங்களை விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கும் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டது. 2008-ல் விபத்தொன்றில் மூளை செயலற்றுப் போன ஒரு வாலிபனின் பெற்றோர், தாங்களே டாக்டர்களாயிருந்தவர்கள், மகனுடைய அவயவங்களைத் தானம் செய்தார்கள். அதுமுதல், இறந்தவரிடமிருந்து அவயவம் பெறும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றலாயிற்று. அவ்விதம் தானம் செய்தவர்களுக்கு அரசாங்க மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தார்கள்.

திரும்பி வரும் பாக்கியங்கள்

புதிய சிறுநீரகத்தைப் பழையவை இருந்த இடத்தில் வைப்பதில்லை. பழைய இரண்டையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, அடிவயிற்றின் ஒரு புறத்தில் புதியதைப் பொருத்துகிறார்கள். ஆகவே, சிகிச்சை முடிந்தவருக்கு இரண்டல்ல, மூன்று சிறுநீரகங்கள்! அவற்றில் உழைப்பது ஒன்றே. உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகமானால், இரத்தக் குழாய்களை இணைத்த சில நிமிஷங்களுக்குள் ரண சிகிச்சை மேஜையிலேயே அது சிறுநீரைச் சொட்டத் தொடங்கிவிடுவதும் உண்டு.

இதன் பலனை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி, யந்திரத்தை நம்பிக் காத்திருந்தவர்களையும், சிறுநீரகம் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. ரண சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வாரத்தில், காத்திருப்பவரைவிடப் பெற்றவருக்கே அபாயம் அதிகம். ஆனால் நாளாக ஆக நிலைமை தலைகீழாகிறது. காத்திருப்பவருக்குச் சராசரியாகப் பத்து வருஷம் ஆயுள் மதிப்பிட்டால், பெற்றவருக்கு இருபது வருஷம் மதிப்பிடலாம் என்று அந்த ஆராய்ச்சி கூறிற்று.

ஆயுள் ஒருபுறம் இருக்கட்டும். அன்றாட வாழ்வில் திரும்பி வருபவை எவை? வாரத்துக்கு மூன்று நாட்கள் திரும்பி வருகின்றன. இரத்தம் ஊறுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. நாவில் ருசி தெரிகிறது. இரவில் தூக்கம் வருகிறது. வளரும் குழந்தைகளுக்கு மறுபடியும் உயரம் கூடுகிறது. பெண்களுக்கு நின்றுபோயிருந்த மாதவிலக்கு மீள்கிறது. டாக்டரைக் கலந்துகொண்டு, ஓரிரண்டு வருஷம் பொறுத்திருந்து, சில மருந்துகளை மாற்றிக்கொண்ட பிறகு, பலர் தாய்மையும் அடைகிறார்கள். 1978 முதல், இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரத்தில் ஆரம்பித்து, மாற்று அவயவம் பெற்றவர்களுக்கென்றே சர்வதேச விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. ஓட்டம், நீச்சல் எல்லாம் அதில் உண்டு.

இவ்வளவும் உண்மை. ஆனால், இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் வியாதி தீர்ந்துவிட்டது" என்று நினைப்பவர்கள் பெரிய ஆபத்தில் காலை வைக்கிறார்கள். வியாதி தீரவில்லை. பெரிய வியாதியைக் கொடுத்துவிட்டுச் சிறிய விரதம் ஒன்றை வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த விரதம் ஆயுள் பரியந்தம் நடக்கவேண்டியது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை

விரதத்தின் முதல் நியமம் மருந்து. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைப் பலர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளவேண்டும். மருந்து குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். மருந்து அதிகமானால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகையால்தான் இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிக்கிறார்கள். சோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைச் சாப்பிடவேண்டும். முன்னால் சாப்பிட்டுவிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

மருந்துக்குக் கூலியும் உண்டு. சிலருக்கு முகம் உப்பும், சிலருக்குச் சர்க்கரை வியாதி புதிதாக வரும், எலும்பு மெலியும், பசி மிகுந்து உடல் பருக்கும். டாக்ரோலிமஸ் சாப்பிடும் சிலருக்குக் கை நடுங்கும். நான் சொன்ன சித்திர ஆசிரியருக்கு அப்படித்தான் ஆயிற்று. நடுக்கம் வந்தால் சித்திரக்காரர் என்ன செய்வார்? சில மாதம் மனமுடைந்திருந்தார். டாக்டர் மருந்தின் அளவைச் சரிப்படுத்தியதும் நடுக்கம் குறைந்தது, அடியோடு போய்விடவில்லை. இப்போது அவர் காகிதத்தில் சிறிய கோடுகள் இழுப்பதை விட்டு, கரும்பலகையில் தோளோடு கையை வீசிப் பெரிய சித்திரங்களாக எழுதுகிறார். பையன்கள் முன்னைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எங்கள் எல்லாருடைய அபிப்பிராயம்.

இரண்டாவது நியமம் கிருமிகளைப் பற்றியது. எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருப்பதால், மற்றவர்களுக்குச் சாதாரணமான நோய் இவர்களுக்குப் பெரிதாகலாம். முதல் சில மாதங்களில் கூட்டமான கல்யாணம், திருவிழா ஆகியவற்றைத் தவிர்ப்பது நலம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும். தெருவில் நறுக்கி விற்கும் பழம், வேகாத பதார்த்தம் ஆகா. நமக்கு ஜுரம் வந்தால் மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம். இவர்களுக்கு ஜுரம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். நமது தேசத்தில் க்ஷயரோகம் இன்னும் ஒழியாததால், விடாத இருமலை அலட்சியம் செய்யக்கூடாது. அந்த ரோகத்துக்குக் கொடுக்கும் ரிபாம்பிஸின் என்னும் மருந்து, சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தின் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு மாற்றுச் சிறுநீரகம்" என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாவது நியமம் அன்பினால் வரும் அபாயத்தைப் பற்றியது. உறவினர் பார்க்க வருகிறார்கள். பழம் கொண்டு வருகிறார்கள். லேகியம், சூரணம், பச்சிலை என்று ஆளுக்கொன்று சிபார்சு செய்கிறார்கள். பம்பளிமாஸ் பழம் நல்ல பழந்தான். ஆனால் அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப் ப்ரூட்டும் இந்த மருந்துகளை இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறச் செய்துவிடும். வலி தீர்க்கும் மாத்திரைகள் சிலவும் சிறுநீரகத்துக்குப் பகை. டாக்டருக்குத் தெரியாமல் எந்த ஔஷதமும் உள்ளே போகக்கூடாது. அது நாட்டு மருந்தாயினும் சரி, சீமை மருந்தாயினும் சரி.

சௌக்கியமே சத்துருவாகும் போது

இந்த விரதத்தை முறிப்பது பெரும்பாலும் துன்பம் அன்று, சௌக்கியமே. உடம்பு நன்றாயிருக்கிறது, பசிக்கிறது, வேலை செய்ய முடிகிறது. "இன்னமும் எதற்கு மாத்திரை?" என்று மனம் கேட்கிறது. ஒரு வேளை விட்டுப் பார்த்தால் ஒன்றும் நேர்வதில்லை. இரண்டு வேளை விட்டாலும் நேர்வதில்லை. சிறுநீரகம் தன் கஷ்டத்தை வாய் விட்டுச் சொல்லாத அவயவம்; வலிக்காது. கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருள் இரத்தத்தில் ஏறுவதைக் கொண்டுதான் அதன் துயரத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். கால் வீங்கி, மூச்சுத் திணறி நாமே உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். இருபத்தாறு வயதில் சிறுநீரகங்கள் பழுதாகி, தாயாரிடமிருந்து ஒன்று பெற்றான். இரண்டு வருஷம் நன்றாயிருந்தான். கடை ஒன்றில் கணக்கு எழுதி வந்தான். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாதந்தோறும் மருந்துக்குப் போகும் பணம் அவன் கண்ணை உறுத்தியது. இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கினான். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கல்யாணம் சிறப்பாக நடந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு சோதனைக்குப் போனபோது, சிறுநீரகம் பெரும்பகுதி கெட்டிருந்தது. மறுபடியும் வாரத்துக்கு மூன்று நாள் யந்திரம்.

நான் பார்க்கப் போயிருந்தேன். அவனுடைய தாயார் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "ஐயா, நான் கொடுத்தது போய்விட்டதே என்றுகூட எனக்கு வருத்தமில்லை. பணம் போதவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டிருப்பேனே!" என்றாள்.

இதைவிடப் பெரிய பாடத்தை நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை. சிறுநீரகம் பெற்றவருடைய மருந்துச் செலவு அவருடைய சொந்தச் செலவு அன்று. அரிசி, பருப்பைப் போல் அது குடும்பத்தின் செலவு. மாத வரவு செலவுக் கணக்கில் முதல் வரியில் அதை எழுதவேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. கையில் பணம் குறைந்தால், மாத்திரையைக் குறைப்பதற்கு முன்பு, சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லவேண்டும். உதவிக்கு வழி இருக்கலாம். விலை குறைந்த மருந்து இருக்கலாம். சொல்லாமலிருந்தால் ஒரு வழியும் இல்லை.

வேலையும் மனமும்

கனடா தேசத்தில் 1996-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிறுநீரகம் பெறுவதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வேலையிலிருந்தார்கள். பெற்று இரண்டு வருஷத்துக்குப் பின் 45 பேர் இருந்தார்கள் என்று கண்டிருக்கிறது. முன்னேற்றந்தான். ஆனால் மற்ற 55 பேர்? வயோதிகரையும் வேறு நோயுள்ளவரையும் கழித்துவிட்டாலும், உடம்பில் பலம் வந்தும் வேலை வராதவர்கள் மிஞ்சத்தான் செய்வார்கள். பலத்தை டாக்டர் கொடுக்கலாம். வேலையை நாமல்லவா கொடுக்கவேண்டும்?

நமது ஊர்களில் இவர்களுக்கு நேரும் கஷ்டம் இருவகை. ஒன்று, "பாவம், உடம்பு சரியில்லாதவர்" என்று ஒதுக்கி வைப்பது. பையை எடுக்காதே, வெளியே போகாதே, உனக்கேன் வேலை என்று உபசரித்து உபசரித்தே மனிதரை நோயாளியாக்கிவிடுகிறோம். மற்றொன்று, நேர் விரோதமானது. "எல்லாம் சரியாகிவிட்டதே, இனி என்ன?" என்று மாதச் சோதனைக்கு லீவு கேட்டாலும் முகம் சுளிப்பது. இரண்டும் தவறு. எட்டு மணி நேரம் வேலை செய்யக்கூடியவரிடம் எட்டு மணி நேரம் வேலை வாங்கலாம். மாதத்துக்கு ஒரு காலைப் பொழுதை ஆஸ்பத்திரிக்கு விட்டுவிட்டால் போதும்.

மனத்தின் பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு சோதனைக்கு முந்தின இரவும், "இந்தத் தடவை என்ன சொல்வார்களோ?" என்ற பயம் பலரைத் தூங்க விடுவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் என்றென்றைக்கும் உழைப்பதில்லை. சராசரியாகப் பத்திலிருந்து இருபது வருஷம் என்று சொல்லலாம். அதற்கு மேலும் உழைத்தவை உண்டு. இது பெற்றவருக்குத் தெரியும். போதாக்குறைக்கு, கொடுத்தவருக்குத் தாம் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்ற ஏக்கம் வேறு. "நான் உனக்கு என் உடம்பையே கொடுத்தேன்" என்று கோபத்திலும் ஒருவர் சொல்லிவிட்டால், அந்தச் சொல் சிறுநீரகத்தைவிட அதிக நாள் இருக்கும். தீர்க்க முடியாத கடனைத் தீர்க்கச் சொல்லிக் கேட்பது தர்மம் அல்ல. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுவதே அந்தக் கடனுக்கு வட்டி, அதுவே போதும்.

கொடுத்தவர் நிலை

சிறுநீரகம் பெற்ற பின் வாழ்வு என்று பேசும்போது, சிறுநீரகம் கொடுத்த பின் வாழ்வையும் பேசாவிட்டால் பாதிக் கதையே சொன்னவர்களாவோம்.

முதன்முதலில் கொடுத்த ரொனால்டு ஹெரிக், பிற்காலத்தில் கணக்கு உபாத்தியாயராகவும் விவசாயியாகவும் வாழ்ந்து, 2010-ம் வருஷம் தமது 79-வது வயதில் காலமானார். ஒற்றைச் சிறுநீரகத்துடன் ஐம்பத்தாறு வருஷம்! ஒன்றைக் கொடுத்தபின் எஞ்சியது சிறிது பெருத்து, இரண்டும் செய்த வேலையில் சுமார் பத்தில் ஏழு பங்கைத் தானே செய்துவிடும். நன்றாகச் சோதித்து, தகுதியுள்ளவரிடமே எடுத்தால், பெரும்பாலோருக்குத் தீங்கு வருவதில்லை. ஆனால், தீங்கே இல்லை என்று சொல்வதும் பொய். இரத்த அழுத்தமும், பிற்காலத்தில் சிறுநீரகக் கோளாறும் வரும் அபாயம் சிறிது கூடுகிறது. ஆகவே கொடுத்தவரும் வருஷத்துக்கு ஒரு முறை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

நமது நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். ஆனால், "சம்பாதிக்கிறவர் கொடுக்கக்கூடாது, வீட்டில் சும்மா இருப்பவள் கொடுக்கட்டும்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே தீர்மானமாகிவிடும் வீடுகளில் அது எவ்வளவு தூரம் தியாகம், எவ்வளவு தூரம் நிர்ப்பந்தம்? ஒரு பெண்ணுக்கே சிறுநீரகம் தேவைப்படும்போது கொடுக்க முன்வரும் கணவர்களின் தொகை குறைவாயிருப்பது ஏன்? சிகிச்சைக்குப் பின் கணவனுக்கு மணி தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மனைவியை, அவளுடைய வருஷச் சோதனைக்கு யார் அழைத்துச் செல்கிறார்கள்? இக்கேள்விகளை ஒவ்வொரு குடும்பமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டும்.

பணத்துக்கு விற்றவர்களின் கதை இன்னும் பரிதாபமானது. 2001-ல் சென்னையில், சிறுநீரகத்தை விற்ற 305 பேரை விசாரித்து, அடுத்த வருஷம் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தார்கள். விற்ற பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடன் அடைக்க விற்றவர்களில் நாலில் மூன்று பேர் இன்னமும் கடனிலேயே இருந்தார்கள். 86 சதவிகிதத்தினர் உடம்பு முன்னைவிடக் கெட்டுவிட்டது என்றார்கள். "மற்றவர்களும் விற்கலாமா?" என்று கேட்டதற்கு, 79 சதவிகிதத்தினர் விற்கும்படி யோசனை சொல்லமாட்டோம் என்றார்கள். அன்பினால் கொடுத்தவருக்கும் வறுமையால் விற்றவருக்கும் ரண சிகிச்சை ஒன்றுதான். பிறகு கவனிக்க ஆள் இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் வேற்றுமை.

நாம் செய்யக்கூடியது

சிறுநீரகம் பெற்றவர் வீட்டில் இருந்தால், காலை மாலை இரு வேளையும் மாத்திரை போயிற்றா என்று கவனியுங்கள். அதைச் சந்தேகிக்கும் குரலில் கேட்காமல், காப்பி சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதுபோல் கேளுங்கள். மருந்துச் செலவைக் குடும்பக் கணக்கில் சேருங்கள். கொடுத்தவரையும் வருஷம் தவறாமல் சோதனைக்கு அழைத்துப் போங்கள். உத்தியோகம் கொடுக்கும் ஸ்தானத்தில் இருப்பவர்கள், அடிவயிற்றுத் தழும்பைப் பார்க்காமல் ஆளின் திறமையைப் பாருங்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அவற்றை அடக்கி வைத்துக்கொண்டால், இந்த யாத்திரையையே மேற்கொள்ளாமல் தப்பலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.

இறந்த பின் அவயவங்களைத் தானம் செய்ய உங்களுக்கு விருப்பமிருந்தால், அதை உங்கள் வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள். அந்த வேளையில் சம்மதம் கொடுக்கவேண்டியவர்கள் அவர்கள்தான். நீங்கள் முன்பே சொல்லியிருந்தால், துக்கத்தின் நடுவில் அவர்களுக்குத் தீர்மானிப்பது எளிதாகும். எங்கேயோ ஒரு தாய் தன் வயிற்றை அறுத்துக்கொள்ளாமலே அவள் மகன் பிழைப்பான்.